ஆறாத புண்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் அரசாங்க கிளினிக்குகளில் தாதியாக, இங்கே சொல்வதுபோல் மிஸ்ஸியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பதினைந்து வருடமும் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில்தான் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகும் கைப்பேசிக்குப் படங்கள் வருவது நிற்கவில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு குதிகால், ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு கணுக்கால், பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மாவின் முதுகெலும்பு அடிப்பக்கம். ஆள்தான் மாறுகிறார்கள், சந்தேகம் ஒன்றாகவே இருக்கிறது. அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். கட்டுப் போட என்ன பொருள், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை உங்கள் கிளினிக்கில் நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்பாவுக்குக் கால்ல புண் வந்து மூணு மாசம் ஆச்சு. மருந்து போட்டுக்கிட்டேதான் இருக்கோம். ஏன் ஆறல?

சாதாரணக் காயம் ஒழுங்காக ஆறும். முதலில் இரத்தம் உறையும், பிறகு கொஞ்சம் வீங்கிச் சிவக்கும், அடியிலிருந்து புதுச் சதை வளரும், கடைசியில் ஓரத்திலிருந்து தோல் வந்து மூடும். நாட்பட்ட புண் இந்த வரிசையில் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான்கு வாரமாகியும் புண் சிறுத்ததாகத் தெரியவில்லை என்றால், மருந்தை மாற்றுவதற்கு முன்னால் அது ஏன் நிற்கிறது என்று தேட வேண்டும்.

பெரும்பாலும் காரணம் புண்ணுக்கு வெளியே இருக்கும். காலில் இரத்தம் மேலே ஏறாமல் தேங்குகிறது, அல்லது கீழே போதுமான இரத்தம் வரவில்லை, அல்லது உணர்ச்சி செத்த பாதத்தின் மேல் அவர் நடந்துகொண்டே இருக்கிறார், அல்லது ஒரே இடத்தில் படுத்து அழுத்துகிறது. இதோடு சர்க்கரை, புகை, சத்துக் குறைவு. இதில் எது என்று தெரியாமல் விலையுயர்ந்த களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டிருக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்காது. மருந்துக்கடையில் கொட்டிய பணத்தில் அந்தப் பெரியவருக்கு நல்ல காலணி வாங்கியிருக்கலாம்.

எந்த வகைப் புண்ணுன்னு பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கணுக்காலுக்குச் சற்று மேலே, பெரும்பாலும் உள்பக்கம், பரவலாக, ஆழமில்லாமல், நீர் வடிந்துகொண்டு, சுற்றியுள்ள தோல் காப்பி நிறத்தில் கறுத்துக் கெட்டியாக இருந்தால் அது சிரைப் புண், அதாவது இரத்தம் மேலே ஏறாமல் தேங்குவதால் வருவது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர்களிடம் அதிகம் பார்த்திருக்கிறேன்: சாப்பாட்டுக்கடையில் ரொட்டி போட்டவர், தொழிற்சாலை லைனில் நின்றவர், சலூன் வைத்திருந்தவர். காலை உயர்த்தி வைத்தால் அவர்களுக்கு வலி குறையும்.

தமனிப் புண், அதாவது கீழே போதுமான இரத்தம் வராததால் வருவது, நேர்மாறானது. விரல் நுனி, குதிகால், பாதத்தின் ஓரம் ஆகிய இடங்களில் அச்சு வைத்து வெட்டினாற்போல ஆழமாக இருக்கும். கால் குளிர்ந்திருக்கும், முடி உதிர்ந்து தோல் பளபளக்கும். இரவில் வலி தாங்காமல் எழுந்து காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் ஒருவர் அப்படி உட்காருவதைப் பார்த்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மூன்றாவது, பாதத்தின் அடியில் தடித்த காய்ப்புக்கு நடுவே வரும் இனிப்பு நீர்ப் புண், அதாவது சர்க்கரை நோயால் வருவது. நம் ஆட்களுக்கு இரண்டு மூன்று காரணம் கலந்தே இருக்கும், ஆகவே கண்ணால் பார்த்தது மட்டும் போதாது.

இனிப்பு நீர் இருக்கறவங்கள மட்டும் ஏன் இப்படிப் பயமுறுத்துறீங்க மிஸ்ஸி? அவருக்கு வலியே இல்லையே.

வலி இல்லாததுதான் என் பயம். பல வருடம் சர்க்கரை கூடியே இருந்தால் பாத நரம்புகள் மரத்துவிடும். பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டிய ஒரு பெரியவர், பெருவிரலுக்கு அடியில் புண்ணோடு வந்தார். எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கழற்றி வைத்திருந்த அவர் காலணியைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சின்னத் திருகாணி தரையில் விழுந்து உருண்டது. நான்கு நாளாக அதை மிதித்துக்கொண்டே கிளட்சை அழுத்தியிருக்கிறார்.

2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். அதனால் நம் வீடுகளில் தினமும் பாதம் பார்ப்பது, பல் துலக்குவது போல வழக்கமாக வேண்டும். உள்ளங்கால் தெரியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். காலணி போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைக்காதீர்கள். சூடு தெரியாத கால் வெந்துபோகும்.

புண் வந்துவிட்டால் அதன் மேல் எடை விழக்கூடாது. இதற்குத் தனிச் செருப்பு, மாவுக்கட்டு போன்ற உறை எல்லாம் உண்டு. கழிவறைக்குப் போகும் நாலு எட்டுக்கும் அதைப் போட்டே ஆகவேண்டும். வாரம் முழுக்கக் காத்துவந்த புதுச் சதையை ஒரு மணி நேரம் வெறுங்காலில் நடந்து நசுக்கிவிட்டு வருபவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன்.

கட்டை அவுத்துக் காத்தோட்டமா விட்டா சீக்கிரம் காஞ்சிடும்ல?

காய்வதும் ஆறுவதும் வேறு வேறு. புதுத் தோல் செல்கள் ஈரத்தில்தான் நகரும். காய்ந்து பொருக்குத் தட்டினால் அவை பொருக்குக்கு அடியில் வழி தேடிப் போக வேண்டியிருக்கும். 1962ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் மேல்தோல் காயங்களில் இதைக் காட்டினார். பிளாஸ்டிக் படலத்தால் மூடி ஈரமாக வைத்தவை, காற்றில் விட்டவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடின. இன்று கிளினிக்கில் பார்க்கும் ஜெல், நுரைப்பஞ்சு, கடற்பாசி நார் எல்லாம் அந்த அறிவிலிருந்து வந்தவைதான்.

ஈரம் என்றால் சொதசொதப்பு என்று அர்த்தமில்லை. புண்ணைச் சுற்றியுள்ள தோல் வெளுத்துச் சுருங்கி, வெகுநேரம் துணி துவைத்த விரல்போல ஆகிவிட்டால் கட்டு போதுமான அளவு உறிஞ்சவில்லை. இரத்த ஓட்டமே இல்லாத காய்ந்த கறுப்பு விரலுக்கும் இந்த விதி பொருந்தாது. அதை உலர்வாகவே வைக்கச் சொல்வார்கள்.

கழுவ எது நல்லது? டெட்டால் வச்சிருக்கோம்.

சலைன், அதாவது உப்புநீர் போதும். கைவசம் இல்லாதபோது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் கிருமியோடு சேர்த்துப் புதுச் சதையையும் சுட்டுவிடும். நுரை பொங்குவதைப் பார்த்து வேலை செய்கிறது என்று நம்புகிறோம், பொங்கும் நுரையில் நம் சதைக்கும் சேதம் இருக்கிறது. முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். வீட்டில் நடக்கும் கட்டு மாற்றத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

மஞ்சள், காப்பித்தூள், வேப்பிலை? எங்க பாட்டி காலத்துல எல்லாம் இதுதானே.

பாட்டி அதை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும்போது கையில் பட்ட கீறலுக்கு வைத்தார். அது எப்படியும் ஆறியிருக்கும். ஆறாத புண்ணில் தூள் போட்டால் அது சதையோடு ஒட்டிக் கெட்டியாகிவிடும். கிளினிக்கில் நாங்கள் அரைமணி நேரம் உட்கார்ந்து காப்பித்தூளை ஈரப்படுத்திச் சுரண்டி எடுக்கும்போது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசியுங்கள். சமையல் மஞ்சளிலும் பறித்த இலையிலும் மண்ணும் கிருமியும் இருக்கும். மஞ்சளைக் குழம்பில் போடுங்கள்.

அப்போ தேன்? ஆஸ்பத்திரியிலயே தேன் வைக்கிறாங்கன்னு சொல்றாங்களே.

வைக்கிறார்கள், உண்மைதான். தேனின் அடர்த்தி புண்ணிலிருந்து நீரை இழுக்கும், அமிலத்தன்மையும் உண்டு, கிருமி வளர்வதற்கு அது தோதான இடமில்லை. நம் நாட்டில் துவாலாங் மரத்தில் மலைத்தேனீ கட்டும் கூட்டிலிருந்து எடுக்கும் தேனைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

ஆனால் மருத்துவத் தேன் காமா கதிரால் கிருமி நீக்கப்பட்டது. பசாரில் பழைய போத்தலில் வாங்கியது அப்படியில்லை. அதில் கிருமி வித்துகள் உறங்கிக்கொண்டிருக்கலாம், சில சமயம் சீனிப்பாகும் கலந்திருக்கும். டாக்டர் சொன்னால் மருத்துவத் தேன் வாங்குங்கள். வைத்ததும் சிலருக்கு எரியும், அதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்.

புண்ணுல மஞ்சளா சீழ் கட்டியிருக்கு. ஆன்டிபயாட்டிக் கேட்டா கிளினிக்ல தரமாட்டேங்கறாங்க.

மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் சீழ் இல்லை. துடைத்தால் வராமல் ஈரப் பஞ்சுபோலப் பிடித்திருந்தால் அது செத்த சதை. அதைக் கத்தியாலோ ஜெல்லாலோ எடுக்க வேண்டும், மாத்திரை அதைக் கரைக்காது. எடுத்த அன்று புண் பெரிதாகத் தெரியும். கிளினிக்கில் போய்ப் பெரிதாக்கிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அடியில் மறைந்திருந்த அளவு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அடிப்பகுதி சமைக்காத மாட்டிறைச்சிபோலச் சிவப்பாக, சிறுமணி சிறுமணியாகத் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்.

நாட்பட்ட புண்ணின் மேல் கிருமி எப்போதும் இருக்கும். அது சுற்றியுள்ள சதைக்குள் இறங்கும்போதுதான் மாத்திரை தேவை: ஓரம் தாண்டிப் பரவும் சிவப்பு, சூடு, புதிதாகக் கூடிய வலி, கெட்ட வாடை, காய்ச்சல். சிவப்பு எதுவரை என்று பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால், அல்லது நடுக்கம், மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம் வந்தால் கிளினிக் திறக்கக் காத்திருக்காதீர்கள். 999 அழையுங்கள், அல்லது நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். இனிப்பு நீர்க்காரருக்குக் காய்ச்சல் வராமலேயே நிலைமை மோசமாகலாம். சர்க்கரை காரணமில்லாமல் எகிறினால் கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பாருங்கள்.

முட்டை, கோழி, கருவாடு எல்லாம் பந்தாங், சாப்பிடக் கூடாதுன்னு மாமியார் நிறுத்திட்டாங்க. சாப்பிட்டா சீழ் பிடிக்குமா?

பிடிக்காது. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். படுக்கைப்புண் உள்ள ஓர் அம்மாவுக்கு மூன்று மாதமாக ரசம் சோறும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்திருந்தார்கள். அன்பினால்தான். அவருடைய தொடைச் சதை என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. புதுச் சதை கட்ட உடம்பில் பொருள் இருக்க வேண்டாமா?

படுக்கைப்புண் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். மீன், கோழி, முட்டை, தயிர், பருப்பு, தெம்பே (புளிக்க வைத்த சோயா), தோஃபு எதுவானாலும் மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். மலாய்க்காரப் பக்கத்து வீட்டார் ஹாருவான் மீன் சூப் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நம் விரால்தான் அது. சைவக் குடும்பங்கள் தெம்பேயைப் பழகிக்கொள்வது நல்லது. ஒரே எச்சரிக்கை, சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரத அளவு வேறு. அதை உணவியல் நிபுணர்தான் சொல்ல வேண்டும். கருவாட்டைக் குறைக்கச் சொல்வேன், காரணம் உப்பு.

அம்மா படுத்த படுக்கை. முதுகுக்குக் கீழ லேசா நிறம் மாறியிருக்கு. படுக்கைப்புண்ணா, சும்மா தேய்ச்சதா?

விரலால் அழுத்தி மூன்று விநாடி வைத்து எடுங்கள். வெளுத்துப் பிறகு நிறம் திரும்பினால் இன்னும் இரத்தம் ஓடுகிறது, அந்தப் பக்கம் படுக்க விடாமல் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அது முதல் நிலைப் படுக்கைப்புண். தோல் உரிந்தால் இரண்டாம் நிலை, கொழுப்பு தெரிந்தால் மூன்று, தசையோ எலும்போ தெரிந்தால் நான்கு. கறுப்பு மூடி மறைத்திருந்தால் ஆழம் சொல்ல முடியாது. 2016லிருந்து அழுத்தக் காயம் என்றே இதைச் சொல்கிறார்கள், முதல் நிலையில் புண்ணே இருக்காது என்பதால்.

நம் நிறத்துக்கு இந்தச் சோதனை ஏமாற்றும். நான் படித்த பாடப்புத்தகத்தில் எல்லாம் வெள்ளைத் தோல், அதில் சிவப்பு பளிச்சென்று தெரியும். கறுத்த தோலில் அது ஊதாவாக, அல்லது சுற்றியுள்ள நிறத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக மட்டும் தெரியும். ஆகவே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக அல்லது குளிர்ந்து, கெட்டியாக அல்லது களிமண்போலக் கொழகொழவென்று இருந்தால், அல்லது தொட்டதும் அம்மா முகத்தைச் சுளித்தால், அழுத்தம் ஆரம்பித்துவிட்டது. முதுகெலும்பின் அடிப்பக்கம், இடுப்பெலும்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால் மொட்டு, பின்னந்தலை, காது. குளிப்பாட்டும்போது இந்த இடங்களில் கை ஒருமுறை நிற்கட்டும். அந்த இடத்தைத் தைலம் போட்டுத் தேய்க்கக்கூடாது. உள்ளே நசுங்கிய சதை தேய்த்தால் இன்னும் கிழியும்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டச் சொல்றாங்க. ராத்திரி நாங்க தூங்க வேணாமா?

தூங்க வேண்டும். நீங்கள் விழுந்தால் அம்மாவையும் பார்க்க ஆள் இல்லை. இரண்டு மணி என்பது வார்டில் வைத்த கணக்கு. நல்ல மெத்தை இருந்து, காலையில் தோல் மேலே சொன்னபடி மாறாமல் இருந்தால் இரவில் இடைவெளியைக் கூட்டலாம், கிளினிக் மிஸ்ஸியிடம் பேசி முடிவெடுங்கள். ஒருவர் இரவு 11 மணிக்குப் புரட்டிவிட்டுப் படுக்கட்டும், இன்னொருவர் 3 மணிக்கு எழட்டும். முழுவதும் பக்கவாட்டில் கிடத்தினால் எடை இடுப்பெலும்பில் போய் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து 30 பாகை மட்டும் சாய்த்தால் போதும்.

இழுக்காதீர்கள். இழுக்கும்போது தோல் மெத்தையோடு ஒட்டி நிற்கும், எலும்பு நகரும், நடுவிலுள்ள இரத்தக்குழாய் முறுக்கிக்கொள்ளும். அப்பாவின் பழைய கைலி ஒன்றைத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். எல்லாரிடமும் நான் முதலில் காட்டிக் கொடுப்பது இதுதான். தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தினால் அம்மா சரிவார், அதே சேதம்தான். குழாய் வழியாகப் பால் கொடுக்கும்போது உயர்த்தித்தான் ஆகவேண்டும், கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறக்காமல் இறக்குங்கள்.

கரன்ட்ல ஓடுற காத்து மெத்தை வாங்கிட்டோம். இனிப் புரட்ட வேணாமே?

வேண்டும். மெத்தை இடைவெளியை நீட்டிக் கொடுக்கும், புரட்டும் வேலையைச் செய்யாது. காற்றுச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அம்மாவின் இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல் நோக்கி நுழையுங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்றுப் போதாது. மெத்தையின் மேல் நாலு மடிப்புத் துணியும் ரப்பர் விரிப்பும் போட்டால் அதை வாங்கிய காசு வீண். ஒரே ஒரு மெல்லிய விரிப்பு.

குதிகாலுக்கு ரப்பர் கையுறையில தண்ணி நிரப்பி வச்சோம். வட்ட மெத்தையும் இருக்கு.

இரண்டையும் எடுத்துவிடுங்கள். வட்ட மெத்தையின் விளிம்பு சுற்றி அழுத்தி நடுவுக்கு இரத்தம் வராமல் செய்யும். தண்ணீர்க் கையுறை சின்னது, குதிகால் எடையைத் தாங்காது. ஒரு தலையணையைக் கெண்டைக்கால் நெடுகக் கொடுத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். உங்கள் கை குதிகாலுக்கு அடியில் தடையில்லாமல் போய் வர வேண்டும். குதிகாலில் காய்ந்து கெட்டியாக ஒட்டிய கறுப்பு மூடி இருந்து, சுற்றிலும் சிவப்பும் நீரும் இல்லையென்றால் அதைப் பிய்க்க வேண்டாம், அதுவே இயற்கைக் கட்டு.

டயப்பர் போடுற இடத்துல எரிஞ்சு உரிஞ்சிருக்கு. அதுவும் படுக்கைப்புண்தானா?

எலும்பு மேட்டின் மேல் வட்டமாக இருந்தால் அழுத்தம். பிட்டத்தின் பிளவிலும் தொடை இடுக்கிலும் திட்டுத் திட்டாக, ஆழமில்லாமல் இருந்தால் சிறுநீர், மலத்தின் ஈரம். நம் வெக்கையில் இரண்டும் சேர்ந்தே வரும். நனைந்ததும் மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகி மணல்போல உராயும்.

கால்ல இறுக்கமா கட்டுத் துணி சுத்தி விட்டாங்க. வலிக்குதுன்னு கழட்டிட்டோம். தப்பா?

சிரைப் புண்ணுக்கு அந்த இறுக்கம்தான் மருந்து. முறையான கட்டு கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கொடுத்து, தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளும். அதைக் கழற்றிவிட்டு மேலே எந்தக் களிம்பு பூசினாலும் புண் நீர் வடித்துக்கொண்டேதான் இருக்கும். முதல் சில நாள் பிடித்தாற்போல இருப்பது இயல்பு. விரல் நீலமாவது, மரப்பது, இரவில் தாங்க முடியாத வலி, இவை வந்தால் உடனே கழற்றிவிட்டுக் கிளினிக்குக்கு வாருங்கள்.

தமனி அடைத்த காலில் இதே கட்டு விரலைக் கொன்றுவிடும். அதனால் கட்டும் முன் கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.8 முதல் 1.3 வரை இருந்தால் முழு இறுக்கம் கொடுக்கலாம், 0.5க்குக் கீழே என்றால் கட்டக்கூடாது. இனிப்பு நீர்க்காரர்களின் தமனி சுண்ணாம்பேறிக் கெட்டியாகி அமுங்காமல் நிற்கும், எண் பொய்யாக உயர்ந்து வரும். 1.3க்கு மேல் வந்ததைப் பார்த்து இரத்த ஓட்டம் அமோகம் என்று சந்தோஷப்படக்கூடாது. கால்விரலில் இரத்த அழுத்தம் பார்க்கிற இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். சொந்தமாக மருந்துக்கடையில் இறுக்கக் காலுறை வாங்கி மாட்டாதீர்கள்.

புண்ணுல புழு தெரிஞ்சது. அதே சமயம் ஆஸ்பத்திரியிலேயே புழு விடுறாங்கன்னும் கேள்விப்பட்டோம். எது சரி?

வீட்டில் ஈ முட்டையிட்டு வந்த புழு சதையைத் துளைக்கலாம், கிருமியும் கொண்டுவரும். மண்ணெண்ணெய் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வெட்கப்படத் தேவையில்லை, திறந்த ஜன்னலும் நனைந்த கட்டும் இருந்தால் எந்தச் சுத்தமான வீட்டிலும் நடக்கும்.

மருத்துவத்துக்கு விடுவது சோதனைக்கூடத்தில் கிருமியில்லாமல் வளர்த்த லூசிலியா கூப்ரினா ஈயின் குஞ்சுப்புழு. மலேசியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐஎம்ஆர் அதை வளர்த்துக் கொடுத்திருக்கிறது. செத்த சதையை மட்டும் கரைத்துக் குடிக்கும், இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள். பார்க்கத்தான் தைரியம் வேண்டும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறணும்னு நேர்த்திக்கடன். செருப்பு இல்லாமதானே போகணும்?

இதைக் கேட்பவர்களிடம் நான் விவாதம் செய்வதில்லை. நானும் ஏறியவள்தான். ஆனால் அன்று சாலையில் என்ன கிடக்கும் என்று தெரியும். இரதம் வரும் வழியெல்லாம் உடைத்த தேங்காய் ஓடு, பகல் வெயிலில் கொதிக்கும் தார், பிறகு 513 படி. மரத்த பாதத்துக்கு ஓடு ஏறியது மறுநாள் கட்டிலில் இரத்தம் பார்த்துத்தான் தெரியும். தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் எங்கள் கட்டு அறை எப்போதும் நிறைந்திருக்கும்.

பாதத்தில் இப்போது புண் இருந்தால் இந்த வருடம் போகாதீர்கள், பால்குடத்தை மகனோ மகளோ எடுக்கட்டும். புண் இல்லை, உணர்ச்சி மட்டும் குறைவு என்றால் காலணி போட்டு அடிவாரம் வரை வந்து, வெயிலுக்கு முன் விடியற்காலையில் ஏறுங்கள், தடித்த காலுறையாவது இருக்கட்டும். இறங்கியதும் உட்கார்ந்து, டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வீட்டுக்குள்ளும் இப்படித்தான். வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம், உள்ளே போட ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விரலை எடுக்கணும்கறாங்க. ஒண்ணை எடுத்தா அப்புறம் கால் முழுக்கப் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க.

வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். அழுகிய விரலை மூன்று வாரம் தள்ளிப்போட்டு, கிருமி எலும்பு வழியாகவும் தசைநாண் வழியாகவும் மேலே போன பிறகு வருகிறோம். அப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு விரலை எடுத்ததால் கால் போனதாகத் தெரிகிறது. கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள்: காலுக்கு இரத்த ஓட்டம் பார்த்தீர்களா, அடைப்பை நீக்க வழி உண்டா, எதுவரை எடுத்தால் ஆறும்? அவற்றைக் கேட்பது உங்கள் உரிமை, நல்ல டாக்டர் அமர்ந்து பதில் சொல்வார்.

தினமும் கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஆள் இல்ல. செலவும் தாங்கல.

நீல ஐசி, அதாவது குடிமக்கள் அடையாள அட்டை உள்ளவர்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்), செலவு கிராப் காரில்தான் போகிறது. படுக்கையில் உள்ளவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கும் டொமிசிலியரி சேவை கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) உண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போதே அதற்குக் கடிதம் கேளுங்கள். சமூகநல இலாகாவில் படுக்கை நோயாளியைப் பராமரிப்பவருக்கு உதவித்தொகை இருக்கிறது. நல்ல கட்டு வகைகள் தினமும் மாற்ற வேண்டாதவை, இரண்டு மூன்று நாள் தாங்கும். வாரம் ஒருமுறை புண்ணுக்குப் பக்கத்தில் 20 காசு நாணயத்தைத் தோலில் படாமல் பிடித்து, ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். கட்டுப் போடுபவர் மாறினாலும் படம் கதை சொல்லும்.

ஆறிடுச்சு மிஸ்ஸி! இனி ஒண்ணும் வேணாம்ல?

கேட்கவே சந்தோஷம். ஆனால் ஆறிய தோலுக்குப் பழைய பலத்தில் அதிகபட்சம் 80 விழுக்காடுதான் திரும்பும், அதற்கே மாதங்கள் ஆகும். சிரைப் புண் ஆறியவர்கள் இறுக்கக் காலுறையை விடக்கூடாது. பாதப் புண் ஆறியவர்கள் தனிக் காலணியை விடக்கூடாது. முதலில் எது புண்ணைக் கொண்டுவந்ததோ அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

இந்தப் புண் இனி ஆறாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மாவுக்குக் கடைசிக் காலம். பிறகு எதுக்குக் கட்டு மாத்தி அவங்கள வலிக்க வைக்கணும்?

உடம்பு ஓயும்போது தோலும் ஓய்கிறது. எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் சிலருக்குக் கடைசி வாரங்களில் புண் வரும், அதற்கு நீங்கள் குற்றவாளி இல்லை. இப்போது வேலை மாறுகிறது: வலி, வாடை, கசிவு மூன்றையும் அடக்குவது. மேலே சொன்ன புரதக் கணக்கை விட்டுவிடலாம், அம்மா கேட்டதைக் கொடுங்கள். இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் புரட்டுவதற்காக எழுப்ப வேண்டாம்.

வாடைக்கு மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணின் மேல் போட டாக்டர் எழுதிக் கொடுப்பார், கரி கலந்த கட்டும் உண்டு. ஊதுவத்தியும் சாம்பிராணியும் வாடையோடு கலந்து இன்னும் மோசமாக்கும், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பரவாயில்லை. ஒட்டாத வகைக் கட்டைக் கேட்டு வாங்குங்கள். வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிட்டு, பழைய கட்டைச் சலைன் ஊற்றி நன்றாக ஊற விட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக எடுங்கள். ஒருவர் கட்டை மாற்றும்போது இன்னொருவர் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அம்மா நிறுத்து என்று கையை அழுத்தினால் நிறுத்துங்கள், மூச்சு வாங்கிக்கொண்டதும் தொடரலாம்.